வண்டியில் வந்த சுகம்: ஓடியம் கோட்டையின் 1265ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கு

இடைக்கால ஐரோப்பியக் கோட்டைக்குள் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் கிடைக்கும். ஈரம் ஊறிய கற்சுவர், இருட்டு, புகை, நாற்றம் என்பது ஒரு விடை. பட்டுத் திரை, பொன் தட்டு, ஓயாத விருந்து என்பது மற்றொன்று. முதல் விடை இன்று கூரையில்லாமல் நிற்கும் இடிபாடுகளைப் பார்த்து ஊகித்தது; இரண்டாவது திரைப்படங்கள் பழக்கிவிட்டது. இரண்டுமே கட்டடத்தைப் பார்க்கின்றனவே தவிர, அதற்குள் நடந்த குடித்தனத்தைப் பார்ப்பதில்லை. குடித்தனத்தைப் பார்க்க வேண்டுமானால் செலவுக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும். நம் நல்வாய்ப்பாக, 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெருங்குடும்பம் ஒன்றின் அன்றாடக் கணக்கு, நாள் தவறாமல் எழுதப்பட்ட நிலையில், ஆறு மாதத்துக்கு மேலான காலத்துக்குக் கிடைத்திருக்கிறது. லெஸ்டர் கோமகன் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டின் மனைவி எலினோரின் வீட்டுக் கணக்கு அது. 1265 பிப்ரவரி 19 முதல் ஆகஸ்ட் 29 வரை நீளும் அந்தத் தோல் சுருள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

இந்த ஆய்வு அந்தக் கணக்கை மையமாக வைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: கோட்டையில் வசதி என்று எதைச் சொன்னார்கள், அது எங்கிருந்து வந்தது? கணக்கைப் படிக்கப் படிக்கத் தெளிவாவது இது. கற்சுவர் கொடுத்தது பாதுகாப்பை மட்டுமே. சுகம் என்று சொல்லத்தக்க எல்லாம் வண்டிகளில் ஏறி வந்தது. ஆட்களின் உழைப்பால் அன்றன்றைக்கு உண்டாக்கப்பட்டது. வீட்டார் வேறு ஊருக்குப் புறப்பட்டபோது அவர்களுடனேயே போய்விட்டது.

யார் இந்த எலினோர்

எலினோர் ஜான் மன்னரின் கடைசி மகள். அப்போது ஆட்சியிலிருந்த மூன்றாம் ஹென்றியின் தங்கை. சிறுமியாக இருக்கும்போதே, 1224இல், பெம்புரூக் கோமகன் வில்லியம் மார்ஷலுக்கு மணம் செய்துவைக்கப்பட்டு, 1231இல் கணவனை இழந்தார். இனி மணமே வேண்டாம் என்று கற்பு விரதம் பூண்டவர், 1238 ஜனவரியில் அந்த விரதத்தை மீறி சைமனை மணந்துகொண்டார். 1264 மே மாதம் லூயிஸ் என்ற ஊரில் நடந்த போரில் சைமன் மன்னரையே சிறைப்பிடித்து, அதன் பிறகு ஏறக்குறைய பதினைந்து மாதம் நாட்டை நடத்தினார். கணக்கு எழுதப்பட்ட 1265ஆம் ஆண்டில், எலினோர் நாட்டின் முதல் பெண்மணிக்கு நிகரான நிலையில் இருந்தார். அவருடைய அண்ணன்மார் இருவரும், அதாவது மன்னர் ஹென்றியும் ஜெர்மானியரின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ரிச்சர்டும், அவருடைய கணவரின் பிடியில் இருந்தார்கள். கெனில்வொர்த் கோட்டையில் அடைபட்டிருந்த ரிச்சர்டுக்குத் தங்கை துணியும் மசாலாப் பொருள்களும் அனுப்பிய செலவு இந்தக் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது. அரசியலில் எதிரி ஆனாலும் அண்ணன் அண்ணன்தான் என்பது அங்கே தெரிகிறது.

அவர் எளிமையை விரும்பியவர் அல்லர். குடும்ப நண்பரான பிரான்சிஸ்கன் துறவி ஆடம் மார்ஷ் முன்பு எழுதிய கடிதங்களில் அவருடைய முன்கோபத்தையும் ஆடை மோகத்தையும் நேரடியாகவே கண்டித்திருக்கிறார். ஆகவே கணக்கில் காணும் வசதியின் அளவை, விரும்பியதை வாங்கக் கூடிய ஒருவர் அந்தக் காலத்தில் எதைப் பெற முடிந்தது என்பதற்கான மேல் எல்லையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டை என்ற கூடு

அந்த ஆண்டு ஜூன் தொடக்கம் வரை எலினோர் தங்கியிருந்த ஓடியம் கோட்டை தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், விண்ட்சருக்கும் வின்செஸ்டருக்கும் நடுவழியில் உள்ளது. எலினோரின் தந்தை ஜான் 1207க்கும் 1214க்கும் இடையில் அதைக் கட்டினார். 1215இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மகா சாசனத்துக்கு (மேக்னா கார்ட்டா) முத்திரையிட ரன்னிமீடுக்கு அவர் புறப்பட்டுச் சென்றதும் இங்கிருந்துதான் என்பர். மறு ஆண்டு பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது 13 பேர் மட்டுமே உள்ளிருந்து அதைத் தாக்குப்பிடித்தார்கள். 1236இல் மூன்றாம் ஹென்றி அதைத் தங்கையின் வாழிடமாகக் கொடுத்தார். அதன் நடுக்கோபுரம் எண்கோண வடிவானது. வெளிப்பூச்சாக இருந்த செதுக்குக் கற்களைப் பிற்காலத்தவர் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், உள்ளிருந்த சக்கிமுக்கிக் கல் கட்டு மட்டும் சொரசொரப்பான எலும்புக்கூடாக இன்று நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்களுக்கு இங்கே யாராவது சுகமாக இருந்திருக்க முடியுமா என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் நாம் பார்ப்பது சதையும் தோலும் உரிந்தபின் எஞ்சியதை. இத்தகைய கோபுரங்களின் உட்சுவர்கள் சுண்ணச் சாந்து பூசி வெள்ளையடிக்கப்பட்டிருந்தன; அதன்மேல் வண்ணக் கோடுகள், பூக்கள். முக்கியமான அறைகளில் சுவரைத் துணித் திரைகளும் மரப்பலகைகளும் மூடின. எலினோரின் அண்ணன் ஹென்றி இந்த விஷயத்தில் அளவுகடந்த அக்கறை கொண்டவர். அவர் தம் அரண்மனைகளுக்கும் கோட்டைகளுக்கும் அனுப்பிய ஆணைகள் நூற்றுக்கணக்கில் இன்றும் கிடைக்கின்றன. படுக்கையறைச் சுவரைப் பலகையால் மூடு, அதற்குப் பச்சை வண்ணம் பூசு, பச்சையின்மேல் பொன் புள்ளிகள் வை என்கிறது ஓர் ஆணை. இன்னோர் ஆணை, அறைக்குள் முன்போல் காற்று அடிக்காதபடி சன்னலுக்குக் கண்ணாடி போடச் சொல்கிறது. 1246இல் அவர் எழுதிய ஒன்று புகழ்பெற்றது: லண்டனில் உள்ள தம் கழிவறை தகாத இடத்தில் இருப்பதால் நாறுகிறது, நூறு பவுன் ஆனாலும் சரி, தாம் வருமுன் வேறு நல்ல இடத்தில் ஒன்றைக் கட்டியிருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறார். இடைக்கால மனிதர்களுக்கு நாற்றம் பழகிப்போயிருந்தது என்று சொல்பவர்கள் இந்த ஆணையை ஒருமுறை படிக்கலாம். நாற்றம் அவர்களுக்கும் நாற்றமாகவே இருந்தது. ஒழிக்கும் வழிதான் செலவு பிடித்தது.

குளிரைப் பொறுத்தவரை, அந்தக் காலத்துக் கணக்குகளைப் படிக்கும்போது ஒன்று புலப்படும். அறையைச் சூடாக்குவதைவிட உடம்பைச் சூடாக வைப்பதையே அவர்கள் நம்பினார்கள். சுவருக்குள் புகைபோக்கியோடு கூடிய கணப்பு 12ஆம் நூற்றாண்டிலேயே பெரிய கோபுரங்களில் வந்துவிட்டது. ஆனால் அது தன் முன்னால் சில முழ தூரத்துக்கு மேல் சூடு தருவதில்லை. பெருங்கூடத்திலோ பல இடங்களில் தீ நடுத்தரையிலேயே எரிந்தது. புகை கூரைத் துளை வழியாகப் போனது. எனவே கம்பளி அங்கியின் உட்பக்கம் மென்மயிர்த் தோல் தைக்கப்பட்டது. கட்டிலைச் சுற்றித் தடித்த திரை தொங்கியது. திரைக்குள் இறகு மெத்தை. அறைக்குள் ஒரு சிறு அறையாகவே அந்தக் கட்டில் இருந்தது. அங்கியும் மெத்தையும் திரையும் மூட்டை கட்டக் கூடியவை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு அது முக்கியம்.

ஒரு நாளின் பதிவு

கணக்குச் சுருள் எழுதப்பட்ட முறை எளிமையானது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்தி. முதலில் அன்று சீமாட்டியோடு யார் யார் இருந்தார்கள் என்பது. அடுத்துப் பண்டகசாலையிலிருந்து எடுத்த தானியம் எவ்வளவு, எத்தனை அளவை திராட்சை மது, எவ்வளவு பீர் என்பன வரும். அதன்பின் சமையலறைச் செலவு: மீன், இறைச்சி, முட்டை, பால். கடைசியில் குதிரை லாயம்: எத்தனை குதிரைகளுக்கு உலர்புல், எவ்வளவு ஓட்ஸ். ஒவ்வொன்றிலும் எது சொந்தக் கையிருப்பிலிருந்து எடுத்தது, எது காசு கொடுத்து வாங்கியது என்று பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. நாளின் முடிவில் கூட்டுத்தொகை. அன்றாடச் செலவில் அடங்காத துணி, செருப்பு, மசாலா, தூதர் கூலி, தருமம் முதலியவை சுருளின் மறுபுறம் எழுதப்பட்டன. ஒரு நல்ல மளிகைக் கணக்குப்பிள்ளை இதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்.

சுருள் தொடங்கும் நாள், ஈஸ்டருக்கு முன் கிறித்தவர்கள் விரதமிருக்கும் தவக்காலத்தின் இரண்டாம் நாள். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5. எனவே முதல் ஆறு வாரங்களுக்கு மேல் கோட்டைக்குள் இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, பால் பொருள்களும் கிடையாது. அதற்குப் பதில் மீன். அதிலும் ஹெர்ரிங் மீன். ஒரு நாளைக்கு 400, 600, சில நாள்களில் 1,000 வரை ஹெர்ரிங் செலவாகியிருக்கிறது. ஓடியம் கடற்கரை ஊர் அன்று. ஆகையால் உப்பில் ஊறியதும் புகையில் காய்ந்ததுமான மீனைப் பீப்பாய்களில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பணியாளின் தட்டில் நாள்தோறும் அதே உப்பு மீனும் ரொட்டியும் பீரும் விழுந்தன. சீமாட்டியின் மேசைக்குப் புதிய ஆற்றுமீனும் கடல்மீனும் தனியாக வந்தன. விரதம் எல்லோருக்கும் ஒன்று. விரதச் சாப்பாடு ஒன்றல்ல.

இந்த வேற்றுமையைச் சமையலறையில் உண்டாக்கியது மசாலாதான். மிளகு, இஞ்சி, இலவங்கப்பட்டை, கிராம்பு, சர்க்கரை, குங்குமப்பூ எல்லாம் கணக்கில் வருகின்றன. குங்குமப்பூவின் விலை மிளகின் விலையைப்போலப் பல மடங்கு. அந்த மிளகு மலபார்க் கரையில் கப்பலேறி, அரபு வணிகர் கை மாறி, எகிப்து வழியாக வெனிஸ், ஜெனோவா வணிகரிடம் சேர்ந்து, பின் லண்டன் கடைகளை எட்டியது. பால் விலக்கப்பட்ட நாள்களில் பாதாமை அரைத்துப் பிழிந்த பால் அதன் இடத்தை நிரப்பியது. அழுகிய இறைச்சியின் வாடையை மறைக்கவே மசாலா போட்டார்கள் என்ற பழங்கதையை இந்தக் கணக்கு ஒன்றே உடைத்துவிடும். இவ்வளவு விலை கொடுத்து மசாலா வாங்குகிறவர்களுக்குப் புதிய இறைச்சி வாங்கவா காசில்லை?

மதுவைப் பற்றி ஒரு குறிப்பு. தென்மேற்குப் பிரான்சின் கேஸ்கனியிலிருந்து கப்பலில் வந்த மது பீப்பாயிலேயே இருந்தது. அதை ஓராண்டுக்குள் குடித்து முடிக்க வேண்டும், இல்லையேல் புளித்துவிடும். பீரோ அதற்கும் குறைந்த ஆயுள் கொண்டது. இங்கிலாந்தில் அப்போது அதில் ஹாப்ஸ் பூ சேர்க்கும் வழக்கம் இல்லாததால் சில நாள்களிலேயே கெட்டுவிடும். எனவே ஓயாமல் காய்ச்ச வேண்டியிருந்தது. காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கோட்டை வீட்டுப் பணியில் ஆண்களே நிறைந்திருந்த காலத்தில், பீர் காய்ச்சுதலும் துணி வெளுத்தலும் குழந்தை வளர்த்தலும் சீமாட்டிக்கு அணுக்கப் பணி செய்தலுமே பெண்களுக்கு எஞ்சியிருந்த வேலைகள்.

மார்ச் மாதம் வந்த விருந்தினர்

மார்ச் 17 அன்று இளவரசர் எட்வர்ட் ஓடியத்துக்கு வந்தார். மன்னரின் மூத்த மகனான அவர் அத்தை வீட்டுக்கு வந்தது விருந்தாளியாக அல்ல, கைதியாக. உடன் அவருடைய சிற்றப்பன் மகன் ஹென்றியும் வந்தார். மார்ச் 19இல் கோமகன் சைமன் தம் படைத்தலைவர்கள் சூழ வந்து, ஏப்ரல் 2 வரை தங்கினார். கணவனும் மனைவியும் அதற்குப்பின் சந்திக்கவே இல்லை.

அந்த இரண்டு வாரத்துக் கணக்கைப் படித்தால் கோட்டை வாழ்க்கையின் இயல்பு வெளிச்சமாகிறது. சாதாரண நாளில் நாற்பது நாற்பத்தைந்து குதிரைகளுக்குத் தீனி வைத்த லாயத்தில், கோமகன் வந்தபோது எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. ஒரு குதிரைக்கு ஓர் ஆள் என்று வைத்தாலும், எண்கோணக் கோபுரத்தையும் அதைச் சுற்றிய சில மரக் கட்டடங்களையும் கொண்ட சிறு கோட்டை இத்தனை பேரை எப்படித் தாங்கியது? கூடத்தின் தரையில் கோரைப்புல்லின்மேல் வைக்கோல் மெத்தையை விரித்து வரிசையாகப் படுத்தார்கள், லாயத்தின் மாடியிலும் பண்டகசாலை மூலையிலும் படுத்தார்கள், ஊருக்குள்ளும் தங்கியிருப்பார்கள். சொந்தக் கட்டில், கதவு உள்ள அறை, சுவருக்குள் மறைந்த கழிவறை ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைத்தது சீமாட்டிக்கும் கோமகனுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் மிகச் சில விருந்தினருக்கும்தான்.

தனிமை என்பதை அந்தச் சமூகம் எப்படிப் பார்த்தது என்பதற்கு மான்ட்ஃபோர்ட் குடும்பத்தின் நெருங்கிய நண்பரான லிங்கன் ஆயர் ராபர்ட் கிராஸ்டெஸ்ட் நல்ல சாட்சி. எலினோரின் மூத்த பிள்ளைகள் அவருடைய இல்லத்தில்தான் கல்வி கற்றார்கள். லிங்கன் சீமாட்டிக்காக அவர் எழுதிய குடும்ப நிர்வாக விதிகளில், கூடத்தை விட்டுவிட்டுத் தனியறைகளில் மறைவாக உண்பதைத் தடுக்க வேண்டும் என்கிறார். அதனால் வீண் செலவும் வளரும், வீட்டுத் தலைவருக்கு மதிப்பும் இராது. தலைவர் கூடத்தின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அமர வேண்டும். ஆயர் இவ்வளவு வலியுறுத்துகிறார் என்றால், செல்வர்கள் அறைக்குள் ஒதுங்கத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் பொருள். தடை விதிக்கப்படும் இடத்தில் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். தனிமையை நாம் வசதியாக எண்ணுகிறோம். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஆசையாக அரும்பிக்கொண்டிருந்தது, ஆனால் கடமைக்கு எதிரானதாகவும் கருதப்பட்டது.

விருந்தோம்பல் வெறும் மரியாதை அன்று. அண்டையிலிருந்த விண்ட்னி கன்னியர் மடத்தின் தலைவி வந்து உண்டார். அக்கம்பக்கத்துப் பிரபுக்களின் மனைவியர் வந்தார்கள். ஏழைகளுக்கும் முறையாகச் சோறிட்டார்கள், அந்தச் செலவும் எழுதப்பட்டது. பரபரப்பான அந்த மாதங்களில் யார் எந்தப் பக்கம் என்பது சாப்பாட்டு மேசையிலும் முடிவானது. இடையறாது ஓடிய தூதர்களின் பெயர்களையும் சுருள் காப்பாற்றி வைத்திருக்கிறது: ஸ்லிங்அவே, ட்ரூபாடி, காபிதெஸ்டி. அரசர்களின் பெயர் நிலைப்பது வியப்பில்லை. கடிதம் தூக்கி ஓடிய ஆளின் பட்டப்பெயர் எழுநூற்றைம்பது ஆண்டு தாண்டி நிற்பது கணக்குப்பிள்ளை செய்த நன்மை.

பதினைந்து பென்ஸ் வெளுப்பு, இருபத்துநான்கு ஷில்லிங் புத்தகம்

கணக்கின் மறுபக்கத்தில் இரண்டு செலவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பெட்ரொனில்லா என்ற வண்ணாத்திக்கு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை, ஏறக்குறைய ஐந்து மாதத் துணி வெளுப்புக்குக் கொடுத்தது 15 பென்ஸ். சீமாட்டியின் மகளான சிறுமி எலினோருக்கு அன்றாட ஜெபப் புத்தகம் ஒன்று தயாரிக்க, 20 டஜன் மெல்லிய தோல்தாள்களுக்கு 10 ஷில்லிங்கும், ஆக்ஸ்போர்டில் அதை எழுதியதற்கு 14 ஷில்லிங்கும் ஆயின. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆகவே புத்தகத்தின் விலை 288 பென்ஸ். அக்காலத்தில் கூலியாள் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பென்ஸ் ஈட்டினார். பன்னிரண்டு வயதை ஒட்டிய ஒரு பெண் கையில் வைத்துப் படித்த அந்தச் சிறு நூலுக்கு ஒரு கூலியாளின் ஐந்தாறு மாத வருவாய் சென்றது. வெளுப்புக்கோ அவருடைய எட்டுப் பத்து நாள் கூலி போதுமாயிருந்தது.

இதை வைத்து அவர்கள் துணியே துவைக்கவில்லை என்று சில பழைய எழுத்தாளர்கள் நகையாடினார்கள். அந்த முடிவு அவசரமானது. வண்ணாத்திக்கு உணவும் உறைவிடமும் வீட்டிலேயே. காசு அதற்கு மேல் கொடுத்தது. அத்துடன், வெளுக்கப்பட்டவை உடம்பை ஒட்டி அணியும் நார்த்துணி உள்ளாடைகள், மேசை விரிப்புகள், படுக்கை விரிப்புகள் ஆகியவையே. சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்த காரநீரில் அவற்றை அலசி, கட்டையால் அடித்தார்கள். கம்பளியும் மென்மயிரும் தண்ணீரில் போடத் தகாதவை. அவற்றை உதறி, தூரிகையால் துடைத்து, வெயிலில் காட்டுவதோடு சரி.

குளியலும் அப்படியே. மரத்தொட்டி, அதற்குள் விரிக்கும் துணி, சூடான நீரை வாளி வாளியாகச் சுமந்து வரும் ஆட்கள்: இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒரு குளியல். எலினோரின் தந்தை ஜான் இதற்கென்றே வில்லியம் என்ற ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். நாள் கூலிக்கு மேல், மன்னர் குளித்த ஒவ்வொரு முறையும் வில்லியமுக்குத் தனிப் பணம் கொடுக்கப்பட்டது. இன்று குழாயைத் திருகினால் வரும் வசதிக்கு அன்று ஓர் ஆளின் வேலைநாள் தேவைப்பட்டது. மருத்துவமும் இதே வழியில் நடந்தது. சீமாட்டியின் பணிப்பெண் ஒருத்திக்கு ரத்தம் எடுக்க நாவிதரை வரவழைத்த செலவு சுருளில் இருக்கிறது.

ஜூன் மாத ஓட்டம்

மே 28 அன்று எட்வர்ட் ஹெரிஃபோர்டில் காவலைத் தப்பி ஓடினார். செய்தி எட்டிய உடனே, ஜூன் முதல் நாள், எலினோர் ஓடியத்தைக் காலி செய்தார். முதலில் ரோமானியர் எழுப்பிய மதிலுக்குள் அமைந்த போர்ட்செஸ்டர் கோட்டை. அங்கிருந்து கடலோரமாகக் கிழக்கே பிராம்பர், வின்செல்சி வழியாக, ஜூன் நடுவில் டோவர். அவசரப் பயணம்தான், ஆனாலும் கணக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை. வழியிலும் ரொட்டி, மது, மீன், உலர்புல் என்று அதே வரிசை தொடர்கிறது. கட்டில் திரை, மெத்தை, கிண்ணம், மெழுகுவத்தி, பூசைப் பொருள், சமையல் அண்டா எல்லாம் வண்டியேறின. அறுபதுக்குக் குறையாத பணியாளர்களோடு ஒரு வீடு முழுவதுமாக நகர்ந்தது.

அவசரம் புதிது, நகர்வது புதிதன்று. பெருங்குடும்பங்கள் ஆண்டு முழுவதும் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தன. மேலே சொன்ன ஆயர் தம் விதிகளில் இதற்கும் திட்டம் தருகிறார்: அறுவடை முடிந்து விளைச்சல் தெரிந்ததும், வரும் ஆண்டில் எந்த ஊரில் எத்தனை வாரம் தங்குவது என்று வகுத்துக்கொள்ள வேண்டும், எந்த ஊரையும் நெடுநாள் தங்கி வறளச் செய்யக் கூடாது. தானியத்தை வீட்டுக்கு வண்டியில் ஏற்றி வருவதைவிட வீட்டைத் தானியத்திடம் ஏற்றிச் செல்வது மலிவு. இதன் மறுபக்கம், ஆண்டின் பெரும்பகுதியில் பெரும்பாலான கோட்டைகள் ஒரு காவல்காரரும் சில ஆட்களும் மட்டுமே இருக்க, திரையும் மெத்தையும் இல்லாத வெற்றுச் சுவர்களாகக் கிடந்தன. கோட்டை என்றால் குளிர்ந்து வெறுமையாகக் கிடப்பது என்ற நம் எண்ணம், அந்தப் பொருளில் பார்த்தால், அவ்வளவு பிழையும் இல்லை.

டோவர் ஓடியத்தைப் போன்ற சிறு கோட்டையன்று. எலினோரின் பாட்டனார் இரண்டாம் ஹென்றி 1180களில் மாரிஸ் என்ற பொறியாளரைக் கொண்டு எழுப்பிய பெருங்கோபுரம் அது. சுவர் சில இடங்களில் 6 மீட்டருக்கும் மேல் தடிப்பு. அந்தத் தடிப்புக்குள்ளேயே அறைகளும் கழிவறைகளும் குடையப்பட்டிருக்கின்றன. இரண்டாம் தளத்திலிருந்து இறங்கும் கிணறு சுண்ணப் பாறையைத் துளைத்து 100 மீட்டருக்கு மேல் போகிறது. இறைத்த நீரை ஈயக் குழாய்கள் கோபுரத்தின் மற்ற பகுதிகளுக்குக் கொண்டுசென்றன. கட்டடமே தரும் வசதி என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் இந்தத் தண்ணீரைத்தான் சுட்ட வேண்டும். அதுகூட முற்றுகைக் காலத்தை எண்ணிச் செய்ததே. ஆனாலும் அன்றாடம் தண்ணீர் சுமந்த ஆட்களின் தோளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

டோவரிலும் எலினோர் செய்த முதல் வேலைகளில் ஒன்று விருந்து. சாண்ட்விச், வின்செல்சி ஆகிய துறைமுகங்களின் நகரத்தாரை அவர் உபசரித்த நாள்கள் கணக்கில் உள்ளன. கப்பல்கள் அவர்களுடையவை, கடல் வழி திறந்திருப்பதும் அடைபடுவதும் அவர்கள் கையில் இருந்தது.

ஆகஸ்டுக்குப் பின்

ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷம் போரில் சைமனும் மூத்த மகன் ஹென்றியும் கொல்லப்பட்டார்கள். செய்தி டோவருக்கு வந்த பின்னும் நாள் பதிவு நிற்கவில்லை; ரொட்டியும் பீரும் மீனும் முன்போலவே எழுதப்படுகின்றன, குதிரைகள் எண்ணப்படுகின்றன. துக்க உடைக்கான துணி, இறந்தவர்களுக்காகச் செய்த தருமம் ஆகியவை மட்டுமே வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கின்றன. ஆகஸ்ட் 29உடன் சுருள் முடிகிறது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பிற ஆவணங்களிலிருந்து அறிகிறோம். இளைய மகன்களான அமோரியையும் ரிச்சர்டையும் எலினோர் கடல் கடந்து பிரான்சுக்கு அனுப்பினார். அக்டோபர் இறுதியில் எட்வர்ட் டோவரை முற்றுகையிட்டபோது, அத்தையும் மருமகனும் பேசி முடித்தார்கள். கோட்டையும் நிலங்களும் அவர் கையை விட்டுப் போயின. தம் பரிவாரத்தில் இருந்தவர்களுக்கு மன்னிப்பும் அவரவர் நிலமும் மீண்டும் கிடைக்க வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றார். அந்த வாக்கை நிறைவேற்றும்படி வேந்தரின் அதிகாரிக்கு எட்வர்ட் எழுதிய கடிதம் இருக்கிறது. பிறகு மகளோடு பிரான்சுக்குக் கப்பலேறி, மான்டார்ஜியில் உள்ள டொமினிக்கன் கன்னியர் மடத்தில் தங்கி, 1275இல் அங்கேயே இறந்தார். ஜெபப் புத்தகத்துக்குரிய மகள் எலினோர் 1278இல் வேல்ஸ் இளவரசர் லவெலினை மணந்தார். வீட்டுக் கணக்குச் சுருள் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை மான்டார்ஜி மடத்திலேயே இருந்து, பின் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1841இல் அச்சில் வந்தது.